பதினான்கு வீட்டுக்கு ஒரே கம்பி

அன்பும் மரியாதையும் மிக்க மின்னா சித்திக்கு,

நெப்ராஸ்காவின் சகல ஜனங்களுக்கும் இதனால் அறிவிக்கப்படுவது என்னவென்றால், எங்கள் பன்றி எஸ்மரெல்டா நேற்றுச் சாயங்காலம் தும்மியது. அது இரண்டாம் முறை தும்முவதற்குள் எங்கள் டெலிபோன் கம்பியில் உள்ள பதினான்கு வீட்டுக்கும் சேதி போய்விட்டது. காரணம் தெரியாமல் ஊரே குழம்புகிறது. டென்வரில் இருக்கும் உங்களுக்குத்தான் தபாலில் தாமதமாக வருகிறது, மன்னிக்கவும். மற்றபடி அனைவரும் நலம், பன்றி உட்பட.

இங்கே இருந்த குளிர்காலங்களில் பேச ஆளில்லாமல் நீங்கள் அடுப்போடு பேசினீர்களாம், அது பதில் சொல்லாத கோபத்தில்தான் ரயிலேறினீர்களாம். அம்மா சொல்வாள். இப்போது வந்து பாருங்கள். சமையலறைச் சுவரில் ஒரு டெலிபோன் பெட்டி. எங்களைக் கூப்பிட இரண்டு நீள மணி, ஒரு குட்டை மணி. ஆனால் யாருக்கு அடித்தாலும் எல்லா வீட்டிலும் கேட்கும், எல்லா வீட்டிலும் குழலை எடுத்துக் காதில் வைப்பார்கள். இதில் வெட்கமே கிடையாது. எடுக்காதவர் வீட்டுக்குத்தான், உடம்பு சரியில்லையோ என்று சூப் போகும். ஒரே சங்கடம், கேட்கிற காது கூடக்கூடப் பேசுகிறவர் குரல் தேய்ந்துவிடும்.

ஓடைக்கு அக்கரையில் இருக்கும் ஹார்லனுக்கு மூன்று வருஷமாக லெனோரா அக்காமேல் கண். வாய் மட்டும் கிடையாது. திங்கட்கிழமை ரயிலில் வயோமிங் போகிறார், அங்கே நிலம் எடுத்திருக்கிறார். அதற்குள் கேட்டுவிடலாம் என்று நேற்றுப் புது மோட்டார் காரில் கிளம்பினார். கார் சேற்றில் உட்கார்ந்துவிட்டது. நடந்து வரலாமென்றால் பாலம் தண்ணீருக்கடியில். திரும்பிப் போய் டெலிபோன் கைப்பிடியைச் சுற்றி எங்கள் மணியை அடித்தார். ஊரே குழலை எடுத்தது.

"லெனோரா, நான் ஒண்ணு கேக்கணும். நீ..." அப்புறம் கொசு முனகுவதுபோல ஏதோ.

"சத்தமாச் சொல்லுங்க ஹார்லன், ஒண்ணுமே கேக்கல!"

பக்கத்துப் பண்ணை நோவாக் அம்மா நடுவில் புகுந்தார். "அடியே, கட்டிக்கிறியான்னு கேக்குறான் போல. இல்ல, காரை இழுக்க மாடு கேக்குறானோ?"

"மாடுன்னா எங்கிட்ட ரெண்டு ஜோடி நிக்குது" என்றார் யோஸ்ட் பெரியவர்.

அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. மாட்டுக்குப் போய் 'சம்மதம்' என்று சொல்லிவிட்டால்?

இந்த இடத்தில்தான் சித்தி, சரித்திரம் என்னைக் கூப்பிட்டது. சனிக்கிழமை, ஊரெல்லாம் ரொட்டி சுடுகிற நாள். அக்காவின் தோளுக்கு மேலே எம்பிப் பெட்டியின் வாய்க்குள் கத்தினேன்: "ஐயோ, ரொட்டி கருகுது!"

டக், டக், டக். குழலை மாட்டிவிட்டு ஆளாளுக்குத் தன் அடுப்பைப் பார்க்க ஓடினார்கள், தனிக்கட்டையான யோஸ்ட் பெரியவர் உட்பட. கம்பி காலியானதும் ஹார்லன் குரல் இடிபோல விழுந்தது: "என்னைக் கட்டிக்கிறியான்னுதான் கேட்டேன்!"

"கட்டிக்கிறேன்" என்றாள் அக்கா. அதைக் கேட்க ஒரு காதுகூட மிச்சமில்லாததால் நானே எல்லாரையும் கூப்பிடும் நீள மணி அடித்து ஊருக்கு அறிவித்தேன். இப்பேர்ப்பட்ட மூளை நம் குடும்பத்தில் எப்படி வந்தது என்று எனக்கே வியப்புதான்.

கல்யாணம் ஜூனில். நீங்கள் ரயிலேறினால் போதும், ஸ்டேஷனுக்குக் கார் வரும், சேறு காய்ந்திருந்தால். உங்களை அடுப்போடு பேசவே விடமாட்டாளாம் அம்மா.

உங்கள் ஆசியை நாடும் மதியூகி,
வில்பர்

பி.கு.: இதைப் படித்துவிட்டு அம்மா பின்னாலேயே நிற்கிறாள், மிச்சத்தையும் எழுதச் சொல்கிறாள். கருகியது எங்கள் ரொட்டி. அடுப்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள். நான் அக்கா பிடித்திருந்த குழலின் முதுகில் காதை ஒட்டிக்கொண்டிருந்தேன். கத்தியது தந்திரம் இல்லை, பயம். கரியான நாலு ரொட்டியும் எஸ்மரெல்டாவுக்குப் போயிற்று. முதல் வாயிலேயே தும்மிவிட்டது. இது பதினான்கு வீட்டுக்கும் இன்னும் தெரியாது. தபால் என்றால் எனக்குப் பிடிப்பதே அதனால்தான்.