“அவ போனாதான்” விஷயமாகப் பெரிய மச்சானுக்கு

அன்பும் மதிப்பும் என்றும் மாறாத பெரிய மச்சான் அவர்களுக்கு,

வணக்கம். அங்கே நீங்களும் அக்காவும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. உங்கள் தங்கை முந்தாநாள் பெட்டியோடு உங்கள் வீட்டுக்குக் கிளம்பி வந்துவிட்டாள். அவள் தரப்பை இந்நேரம் கேட்டிருப்பீர்கள். போனில் பேசித் தொலைத்திருக்கலாமே என்று நினைப்பீர்கள். இனி முக்கியமான விஷயம் எதையும் வாயால் சொல்வதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். எழுதினால் முன்னும் பின்னும் சேர்த்துப் படிப்பீர்கள் அல்லவா?

என் மகள், உங்கள் செல்ல மருமகள், ஐந்து வருடமாகப் பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் அறை எடுத்துத் தங்கித் தத்துவ ஆராய்ச்சி செய்வது உங்களுக்குத் தெரியும். எதைப் பற்றி என்று கேட்டால், “வந்தா, போனா, இருந்தான்னு பேசுறோம்ல, அந்த ‘ஆ’ பத்திப்பா” என்பாள். ஒரு ‘ஆ’வுக்கு ஐந்து வருடமா என்று நான் பிளந்த வாய் இன்னும் மூடவில்லை. ஒன்று நடந்ததற்கு எது காரணம், அது இல்லாமலிருந்தால் என்ன ஆகியிருக்கும், ஒரே வாக்கியத்துக்கு இடத்துக்கு இடம் எப்படி அர்த்தம் மாறுகிறது, இவைதான் ஆராய்ச்சியாம். நான் முப்பத்தொரு வருடம் லிஃப்ட் பழுது பார்த்தவன். லிஃப்ட் நின்றால் அறிக்கையில் ‘காரணம்’ என்று ஒரு கட்டம் இருக்கும். ‘கம்பி தேய்ந்தது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் தீர்ந்தது. இதில் என்ன ஆராய்ச்சி என்று நினைத்துக்கொண்டே, அவள் கேட்டாளே என்பதற்காக, எங்கள் வீட்டுப் பேச்சைப் பதிவு செய்ய ஒரு சின்னக் கருவியைச் சமையலறை அலமாரி மேல் வைக்கச் சம்மதித்தோம். இரண்டே வாரத்தில் அதை மறந்தும் போனோம்.

ஆராய்ச்சி முடிந்து வாய்மொழித் தேர்வு வந்தது. “போரடிக்கும், வராதீங்க” என்று மகள் கெஞ்சினாள். பெற்ற வயிறு கேட்குமா? உங்கள் தங்கை புதுப் புடவையில் கிளம்பிவிட்டாள். சொல்லாமல் கொள்ளாமல் போய் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தோம். விளக்கை அணைத்தார்கள். திரையில் முதல் வாக்கியம் ஆளுயரத்துக்கு எழுந்து நின்றது: “அவ போனாதான் வீடு நிம்மதியா இருக்கும்.” கீழே, ‘பேச்சாளர்: ஆண், வயது அறுபத்திரண்டு, லிஃப்ட் மேற்பார்வையாளர், ஓய்வு.’ பெயர் போட மாட்டேன் என்றாளே, போடவில்லைதான்! எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பக்கத்தில் திரும்பினேன். உங்கள் தங்கை முகத்தில் ஈயாடவில்லை. எங்களை அப்போதுதான் பார்த்த மகள், கையிலிருந்த தண்ணீர்ப் பாட்டிலைக் கீழே போட்டாள்.

தேர்வாளர்களுக்கு இதெல்லாம் தெரியுமா? மூக்குக்கண்ணாடி அணிந்த அம்மையார் ஒருவர் சாவகாசமாகக் கேட்டார்: “‘போனா’ன்னு சொல்லியிருந்தா, அந்தம்மா போறது ஒரு வழி, வேற வழியும் இருக்கலாம். ‘போனாதான்’னு சொன்னா வேற வழியே இல்லைன்னு அர்த்தம். அப்படித்தானே?” மகள் ஈனசுரத்தில், “ஆமாம்” என்றாள். உடனே பக்கத்திலிருந்த வழுக்கைத் தலைக்காரர், “அப்ப வீட்டுல நிம்மதி இல்லாததுக்கு அந்தம்மா இருக்கிறதுதான் காரணம்னு இவர் நம்புறார்” என்றார். நாற்பது பேர் தலையாட்டினார்கள், மச்சான்! உங்கள் தங்கை கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அந்தக் கைப்பை மடிக்கு வந்தால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, நீங்கள் அவள் அண்ணன்.

நான் எழுந்து, “அய்யா, அந்த ஆள் நான்தான்!” என்று கத்திவிட்டேன். என்னை விரட்டுவார்கள் என்று பார்த்தால், அவர்கள் பரவசமாகி, “வாங்க சார், மைக்ல பேசுங்க” என்று கூப்பிட்டார்கள். மைக் முன்னால் நின்றபோதுதான் விஷயம் உறைத்தது. நான் சொன்ன ‘அவ’ உங்கள் தங்கை இல்லை. அது எங்கள் பழைய வாஷிங் மெஷின். லிஃப்ட்காரன் எந்த மெஷினையும் ‘அவ’ என்றுதான் சொல்வான். துவைக்கும்போது அவள் போடுகிற கூச்சலில் ஒரு நாள் மனம் வெறுத்துச் சொன்னது. ஆனால் மகளின் மூன்றாவது அத்தியாயம் முழுக்க அந்த ‘அவ’ அம்மா என்பதன் மேல் நிற்கிறது. உண்மையைச் சொன்னால் மகள் பட்டம் போகும். சொல்லாவிட்டால் மனைவி போவாள். ஒரு பக்கம் கைப்பை, ஒரு பக்கம் ஈரக் கண்.

சொல்லிவிட்டேன். மகள் அலறினாள்: “அப்பா, அதுக்கு முன்னாடி அம்மா கதவைப் படார்னு சாத்திட்டுப் போற சத்தம் இருக்கே!”

“அது மெஷினோட கதவும்மா.”

வழுக்கைத் தலைக்காரர் அந்த அத்தியாயத்தின் நாற்பத்திரண்டு பக்கத்தையும் கொத்தாகத் தூக்கி ஓரமாக வைத்தார். மூன்றாம் அத்தியாயத்தை ஆறு மாதத்தில் புதிதாக எழுதித் தந்தால்தான் பட்டம் என்று தீர்ப்பாயிற்று. இதிலும் ஒரு ‘தான்’. மகள் என்னைப் பார்க்காமல் வெளியே போனாள். சரி, மனைவியாவது மிஞ்சினாளே என்று திரும்பினேன். உங்கள் தங்கை சொன்னாள்: “மெஷின்னு சொன்னது பொய்னா, என்னைப் போகச் சொன்னது நிஜம். மெஷின்னு சொன்னது நிஜம்னா, ஒரு மெஷினுக்காகப் பொண்ணு படிப்பைக் கெடுத்தது நிஜம். எதுவா இருந்தாலும் நான் எங்க அண்ணன் வீட்டுக்குப் போறேன்.” ஐந்து வருடம் படித்தவர்களுக்கும் இதற்குப் பதில் வராது. வீட்டுக்கு வந்து பெட்டி கட்டினாள். உங்கள் ஊர் பஸ்ஸில் ஏறியதைக் கண்ணால் பார்த்தேன். இரண்டு நாளாக மகளும் போனை எடுக்கவில்லை. சாப்பாடு இறங்கவில்லை, மச்சான். அறிக்கையில் ‘காரணம்’ கட்டத்தில் என் பெயரையே எழுதிக்கொள்கிறேன். அவள் கோபம் தணியும் நேரம் பார்த்து, நீங்கள் நாலு நல்ல வார்த்தை சொல்லி அனுப்பிவைத்தால் உங்களுக்குப் புண்ணியம். எந்த நாலு என்பதை மட்டும் யோசித்துச் சொல்லுங்கள்.

அக்காவுக்கு என் வணக்கமும் பிள்ளைகளுக்கு என் ஆசிகளும். எல்லோரும் நிறைவாழ்வு வாழ வேண்டும், குறைவாகப் பேசி.

இப்படிக்கு,
தவளையைப் போல் தன் வாயால் கெட்ட
தங்கள் தங்கை கணவன்

பி.கு.: உறையை ஒட்டப் போன நேரத்தில் மகள் போன் செய்தாள். உங்கள் தங்கை உங்கள் வீட்டுக்கே வரவில்லையாம்! அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கி மகளின் வாடகை அறைக்குப் போய்விட்டாளாம். இரண்டு நாளாக அம்மாவும் பெண்ணும் கூடி மூன்றாம் அத்தியாயத்தைப் புதிதாக எழுதுகிறார்களாம். கல்யாணமான நாள் முதல் நான் சொன்ன வாக்கியங்கள் நூற்றுப் பத்தை உங்கள் தங்கை மனப்பாடமாக, தேதியோடு ஒப்பித்திருக்கிறாளாம். எனக்குத் தலை சுற்றுகிறது. “எம்மேல கோபம் போச்சா?” என்று கேட்டேன். “தெரியலப்பா. ‘அவர் சாயங்காலத்துக்குள்ள இங்க வரலைன்னா’ன்னு சொல்லி நிறுத்திட்டாங்க. பாதி வாக்கியம்தான் இருக்கு. இன்னும் ஆராயல” என்கிறாள். அதற்குப் பொருள் சொல்ல எனக்கு எந்தப் பேராசிரியரும் வேண்டாம். சட்டையை மாட்டிக்கொண்டேன். மச்சான், இந்தக் கடிதம் உங்கள் கைக்குக் கிடைத்தால், தயவுசெய்து படிக்காதீர்கள்.