ஆறு பேருக்குத்தான் இடம்

ஆறு பேருக்கு மேல் பெயர் போட முடியாது என்று ஆய்விதழிலிருந்து மின்னஞ்சல் வந்தபோது, ஜெயசுதாவின் கட்டுரையில் ஒன்பது பேர் இருந்தார்கள்.

அவள் பெரம்பலூர் பக்கம் ஒரு மருத்துவக் கல்லூரியில் மயக்கவியல் மருத்துவர். பாதி நாள் அறுவை அரங்கில் ஆட்களைத் தூங்க வைப்பாள். மீதி நாள் ஐ.சி.யூ.வில் கிடப்பவர்களை எழுப்பப் பார்ப்பாள். பதவி உயர்வுக்கு மூன்று கட்டுரைகள் வேண்டும். மூன்றிலும் முதல் பெயர் அவளுடையதாக இருக்க வேண்டும். இரண்டு கைவசம் இருந்தன. அவளுக்குப் பின்னால் சேர்ந்த இரண்டு பேர் அவளைத் தாண்டிப் போய், தனி அறையும் ஏசியுமாக உட்கார்ந்திருந்தார்கள். இதையும் விட்டால் இன்னும் மூன்று வருடம். நினைத்தாலே அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

கட்டுரை விஷயம் எளியதுதான். ஐ.சி.யூ.வில் கிடப்பவர்களுக்குப் பகல் எது, இரவு எது என்று தெரியாது. புத்தி குழம்பி, மூக்குக் குழாயைப் பிடுங்குவார்கள். எட்டுக் கட்டில்களில் ஒரு பக்கத்து நான்குக்கு எதிரே பெரிய கடிகாரம் ஒன்றை மாட்டினாள். மறுபக்கத்து நான்குக்கு வெறும் சுவர். ஆறு மாதம் பார்த்ததில், கடிகாரப் பக்கத்தில் குழப்பம் பாதியாகக் குறைந்திருந்தது.

முதலில் இரண்டே பெயர்கள். ஜெயசுதா, அப்புறம் தினமும் குறிப்பெடுத்த பயிற்சி மருத்துவர் வெற்றிச்செல்வி. துறைத் தலைவர் காசிநாதன் வாங்கிப் பார்த்தார்.

"எம்பேரு எங்கம்மா?"

கடைசியில் சேர்த்தாள்.

"கல்யாணப் பத்திரிகையில பெரியப்பா பேர கடைசியிலயா போடுவாங்க?"

முதலில் போட்டாள். கல்யாணப் பத்திரிகை என்று ஆகிவிட்ட பிறகு சொந்தக்காரர்களுக்கா பஞ்சம்? புள்ளிவிவரம் போட்டுத் தந்த அறிவழகன் வந்தார். அறுவை சிகிச்சை கலையரசன் வந்தார்.

"நாங்க ஆள அனுப்பலன்னா நீங்க யாருக்கு மேடம் மணி காட்டியிருப்பீங்க?" என்றார் அவர். அவர் பெயரும் ஏறியது.

சாமான் வாங்கும் பஞ்சநாதனும் விடவில்லை. "அரியலூர் வரைக்கும் போயி, நாலு கடை ஏறி எறங்கி, அந்தக் கடிகாரத்த வாங்கினது யாருங்க?"

யாருக்கும் மனத்தாங்கல் வேண்டாமே என்று ஆங்கில அகரவரிசைப்படி அடுக்கினாள். அறிவழகன் உச்சிக்குப் போனார். நாலாவது இடத்துக்கு இறங்கிய காசிநாதன் இரண்டு நாள் அவளிடம் பேசவில்லை. சரி, கல்லூரி முதல்வரே தீர்த்து வைக்கட்டும் என்று அவரிடம் கொண்டுபோனாள். அவர் தன் பெயரை மேலே போட்டு, துணை முதல்வரையும் கண்காணிப்பாளரையும் அதற்கடுத்துச் சேர்த்து, சிரித்த முகமாகத் திருப்பிக் கொடுத்தார். ஜெயசுதா ஐந்தாவதாக இருந்தாள். மின்னஞ்சல் வந்தது அன்று மத்தியானம்தான்.

தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் முன்னால், ஐ.சி.யூ. துப்புரவுப் பணியாளர் அம்மாக்கண்ணு மாப்புக் கட்டையோடு வந்து நின்றாள்.

"டாக்டரம்மா, அந்தக் கடிகாரத்தப் பத்தி ஒண்ணு சொல்லணும்..."

"ஏங்க்கா, ஒங்க பேரையும் போடணுமா?"

"அய்ய, எனக்கெதுக்குங்க அதெல்லாம்!" என்று அம்மாக்கண்ணு நகர்ந்துவிட்டாள். சள்ளென்று விழுந்தது ஜெயசுதாவுக்கே ஒரு மாதிரி இருந்தது. ஆனால் கோபம் வந்தது வந்ததுதான். அதே வேகத்தில் எழுந்து காசிநாதன் அறைக்குப் போனாள்.

"சார், பக்கத்துல நின்னு ஒழைச்சவங்க பேரு மட்டும்தான் வரணும். இல்லன்னா கட்டுரையே வேணாம், நான் அனுப்பல."

காசிநாதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"என் மொதக் கட்டுரையில நான் அஞ்சாவது ஆளும்மா. ராவும் பகலும் நான்தான் கெடந்தேன். அன்னைக்கு இப்படி வந்து கேக்க எனக்குத் தைரியம் இல்ல."

பேனாவை எடுத்துத் தன் பெயரை முதலில் அடித்தார். பிறகு மற்றவர்களுடையதை. "முதல்வர்கிட்ட நான் பேசிக்கிறேன், போ" என்றார். அவரைப் பற்றி இத்தனை வருடம் நினைத்ததையெல்லாம் நினைத்து ஜெயசுதாவுக்கு வெட்கமாக இருந்தது.

இரண்டே பெயர்களோடு கட்டுரை போனது, ஏற்றுக்கொண்டார்கள். துறையில் லட்டு கொடுத்தாள். நேர்காணலுக்கு நாள் குறித்தாயிற்று. ஆய்விதழ் கடைசியாகக் கேட்டது ஒன்றுதான்: கடிகாரம் சுவரில் இருக்கும் புகைப்படம்.

கைபேசியை எடுத்துக்கொண்டு ஐ.சி.யூ.வுக்குப் போனாள். மருத்துவர்கள் நோயாளியின் முகம் பார்த்து நிற்பவர்கள். கடிகாரம் எப்போதும் அவர்களுக்கு முதுகுப் பக்கம்தான். நோயாளியின் தலைமாட்டில் நின்று அவள் அதைப் பார்த்தது அன்றுதான். கைபேசியில் மூன்றே முக்கால். கடிகாரத்தில் பத்தேகால்.

பக்கத்துக் கட்டில் பெரியவரிடம் குனிந்து பேசிக்கொண்டிருந்த அம்மாக்கண்ணுவைக் கூப்பிட்டாள்.

"அக்கா, பேட்டரி கட்டை தீந்திருக்கு பாருங்க. எப்ப நின்னுச்சு?"

"அத சொல்லத்தான் அன்னைக்கு வந்தேன் டாக்டரம்மா. மாட்டுன மறுநாளே நின்னு போச்சு. அந்த வெறுஞ்செவரு பக்கத்து ஆளுங்க ஒண்ணும் கேக்க மாட்டாங்க, இந்தப் பக்கந்தான் கடிகாரத்தக் காட்டிக் காட்டி கேப்பாங்க, அன்னையிலேருந்து பகல்ல நானும் ராவுல கூட்டிப் பெருக்குற வேம்புவும்தான் பக்கத்துல நின்னு மணியும் கெழமையும் சொல்லிக்கிட்டு இருக்கோம்."