கிராம்பு அக்கா முடிக்காத கதை

மலாக்கா மாநிலத்தில் ஊசியைவிட வேகமாகத் தாடையை மரத்துப்போகச் செய்யும் வாய் ஒன்றே ஒன்றுதான் உண்டு. அது கிராம்பு அக்காவின் வாய். டுரியான் துங்கால் ஊர்ப் பல் கிளினிக்கில் டாக்டருக்குக் கைத்துணையாக நிற்பவர். பையில் எப்போதும் கிராம்பு வைத்திருப்பார்; அதனால் அந்தப் பெயர்.

பயந்தவர் யார் வந்தாலும் கையைப் பிடித்துக்கொண்டு, ஆதிகாலத்திலிருந்து மனிதன் பல்வலியை எப்படிச் சமாளித்தான் என்று தொடங்கிவிடுவார். முதலில் கிராம்பு. அப்புறம் சாராயம். அப்புறம் நாலு பேர் அமுக்கிப் பிடிக்க, முடிவெட்டுகிறவர் குறடால் பிடுங்கிய காலம். அமெரிக்காவில் ஒரு பல் டாக்டர், வலி தெரியாமலிருக்கச் சிரிப்பு வாயுவைத் தானே முகர்ந்து, தன் பல்லையே பிடுங்கச் சொன்ன இடம் வரும்போது நம் பல் தட்டில் கிடக்கும். அதனால் கதையின் முடிவை ஊரில் யாருமே கேட்டதில்லை.

நான் மட்டும் கொஞ்சம் கூடுதலாகக் கேட்டவன். வீரத்தால் அல்ல. இரண்டு முறை நாற்காலியிலிருந்து எழுந்து ஓடியிருக்கிறேன். ஒருமுறை கிளேபாங் கடற்கரை வரை போய், தேங்காய் ஷேக்கை உறிஞ்சி, சொத்தைப் பல்லில் குளிர் ஏறி, அழுதுகொண்டே திரும்பினேன். மூன்றாம் முறை வாயைத் திறக்கவே அரைமணி நேரமாயிற்று. அதற்குள் அந்த டாக்டர் ஊரைக் கூட்டி வாயுவைக் காட்டியதும், பல் பிடுங்கும்போது வாயுவை முகர்ந்த ஆள் கத்திவிட்டதும், எல்லாரும் டாக்டரை ஏமாற்றுக்காரன் என்று சிரித்து விரட்டியதும் வந்துவிட்டன. அப்புறம் என்று கேட்க வாயைத் திறந்தேன். பல் போயிற்று.

போன மாதம் பல் சுத்தம் செய்யப் போனால், நாற்காலியில் அக்காவே உட்கார்ந்திருக்கிறார். கடைவாய்ப் பல். கன்னம் வீங்கி, இரண்டு நாளாகச் சாப்பாடு இல்லை. எடுத்தே ஆகவேண்டும். அக்கா வாயைத் திறக்கவில்லை.

"எத்தன பேருக்குத் தைரியம் சொன்னீங்க?" என்றேன்.

"அதெல்லாம் உங்க பல்லு லா, தம்பி." பல்லைக் கடித்தபடியே சொன்னார்.

கையைப் பிடித்தேன். ஐஸ். கதையை ஆரம்பித்தேன், பதற்றத்தில் வாயுவை முன்னால் போட்டு, கிராம்பைக் கடைசியில் வைத்து, முடிவெட்டுகிறவரை இங்கே பக்கத்திலிருக்கும் பாயா ரும்புட்டிலிருந்து வரவழைத்துவிட்டேன். அக்காவால் பொறுக்க முடியவில்லை. "மொதல்ல கிராம்பு" என்று வாயைத் திறந்தார். ஊசி இறங்கியது.

கூட்டம் சிரித்த இடத்துக்கு நான் வந்தபோது பல் தட்டில் கிடந்தது. அதற்குமேல் எனக்குத் தெரியாது என்றேன்.

பஞ்சைக் கடித்துக்கொண்டு, பாதி உதட்டால் அக்கா முடித்தார். "கத்துன ஆளு அப்புறமா சொன்னாரு, வலியே தெரியலன்னு. அதக் கேக்கத்தான் யாரும் நிக்கல."

என் கையை விட்டபோது அதில் நாலு நகக்குறிகள் சிவந்திருந்தன. அக்கா அதைப் பார்த்துவிட்டார்.

"வலிச்சிச்சா தம்பி?"

இந்த முறை ஓடாமல் நின்று சொன்னேன். "தெரியவே இல்லக்கா."