நான்கு பின் கியர், ஒரு முன் கியர்

ஓர் அதிகாரியின் தகுதியை அவருடைய கார்ச் சக்கரத்தின் உயரத்தைக் கொண்டு அளக்க வேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் எழுதியிருக்கவில்லை. எழுதாத சட்டம் என்பதால் எல்லோரும் அதை ஒழுங்காகக் கடைப்பிடித்தார்கள். மழைநீர் வடிகால் துறையின் துணை இயக்குநர் மட்டும் சாதாரணச் சக்கரம் போட்ட காரில் போய்வந்துகொண்டிருந்தார். தெருவிளக்குத் துறையின் துணை இயக்குநர் அவருக்குச் சகலை. சகலையின் காருக்கு இடுப்பு உயரச் சக்கரம்.

"அக்கா வீட்டுக்காரர் வண்டியில ஏற ஸ்டூல் போடறாங்க," என்றாள் மனைவி. "நம்ம வண்டியில நான் குனிஞ்சு ஏறுறேன். பார்க்கிறவங்க, நான் யாருக்கோ கும்பிடு போடறேன்னு நினைக்கிறாங்க."

அவருக்குச் சுருக்கென்று தைத்தது. போதாக்குறைக்கு, இரண்டு துறைகளுக்கும் மேலே இருந்த இயக்குநர் நாற்காலி காலியாகியிருந்தது. அதில் உட்கார்ந்தால் அவர் உட்கார வேண்டும், இல்லையென்றால் சகலை. சகலை உட்கார்ந்துவிட்டால் மாமனார் வீட்டில் எல்லோர் முன்னாலும் அந்த ஆளை 'சார்' என்று கூப்பிட வேண்டும்.

ஆகவே அவருடைய காருக்கு மார்பு உயரச் சக்கரம் வந்தது. ஸ்டூல் எட்டவில்லை, அலுவலக அலமாரிக்கு வைத்திருந்த ஏணியைச் சாய்த்து ஏறினார். உள்ளே உட்கார்ந்து பார்த்தால் ஊரே ஒரு படி இறங்கிப்போன மாதிரி இருந்தது. பரம சந்தோஷம்.

அந்தச் சந்தோஷம் அலுவலக மேடுவரை நீடித்தது. பாதி மேட்டில் கார் ஒரு முக்கு முக்கிவிட்டு நின்றது.

"என்னய்யா ஆச்சு?"

"சக்கரம் பெரிசாயிடுச்சு சார். ஒவ்வொரு சுத்துக்கும் முன்னைவிட ஜாஸ்தி தூரம் தள்ளணும். இஞ்சின் அதே பழைய இஞ்சின், மூச்சு முட்டுது," என்றார் டிரைவர். "பின் ஆக்ஸில்ல இருக்கிற பல்சக்கரத்தை எடுத்துட்டு, இன்னும் நிறையப் பல் வெச்சதாப் போட்டா இழுத்துடும். இல்லேன்னா பழைய சக்கரத்தையே..."

துணை இயக்குநர் பார்த்த பார்வையில் டிரைவர் மீதியை விழுங்கிவிட்டார்.

உடனே பின் அச்சுப் பல்சக்கரத் தேர்வுக்கான உயர்நிலைக் குழு அமைக்கப்பட்டது. தலைமை எழுத்தரும் கணக்கு அதிகாரியும் உறுப்பினர்கள். டிரைவர் சிறப்பு அழைப்பாளர். அதாவது, அவருக்கு மட்டும் நாற்காலி கிடையாது.

"எத்தனை பல் வேணும்?" என்றார் தலைமை எழுத்தர்.

"இப்போ முப்பத்தேழு இருக்கு. நாப்பத்தொண்ணு போட்டாச் சரியா இருக்கும்."

"ஆணையர் வண்டியில எத்தனை?"

"அதுவும் முப்பத்தேழுதான்."

கணக்கு அதிகாரி மெல்லச் சொன்னார்: "மேலதிகாரியைவிடக் கீழே இருக்கிறவருக்குப் பல் ஜாஸ்தியா? நல்லா இருக்காது சார். முப்பத்தஞ்சு போடுவோம். பணிவாவும் இருக்கும்."

"முப்பத்தஞ்சு போட்டா சமதரையிலயே நகராது," என்றார் டிரைவர்.

"நகரணும்னு எங்க எழுதியிருக்கு?"

எங்கும் எழுதியிருக்கவில்லை. தேடிப் பார்த்தார்கள். விஷயம் மேற்படி ஆணையரின் மேலான பரிசீலனைக்கு அனுப்பப்பட்டது.

அதுவரை மேட்டில் ஏற வேண்டுமே! டிரைவர்தான் வழி கண்டுபிடித்தார். "ரிவர்ஸ் கியர்லதான் சார் இழுவை ஜாஸ்தி. வண்டியைத் திருப்பிப் பின்பக்கமா ஏத்திடறேன்." அப்படியே ஏற்றினார். கார் முனகிக்கொண்டு மேலே போய்ச் சேர்ந்தது. பின் இருக்கையில் இருந்த துணை இயக்குநர் வெகுநேரம் இறங்கவில்லை. அவர் முகம் சிவந்திருந்தது.

"அப்போ, இத்தனை வருஷமா நீ எனக்கு முன்னாடி ஆபீசுக்கு வந்து சேர்ந்திருக்கே?"

டிரைவர் யோசித்துப் பார்த்தார். "ஆமா சார். ரெண்டு முழம் முன்னாடி."

"தெரிஞ்சேவா?"

"சத்தியமா இல்ல சார். இப்பதான் எனக்கே உறைக்குது."

அன்று மாலையே சுற்றறிக்கை பறந்தது. அதிகாரி முன்னும் ஓட்டுநர் பின்னும் செல்வதே முறை எனவும், இதுகாறும் நிலவிவந்த ஒழுங்கீனம் இன்றுமுதல் களையப்படுகிறது எனவும், துறையின் சகல வாகனங்களும் இனிப் பின்னோக்கியே முன்னேறும் எனவும் அதில் கண்டிருந்தது.

ஊர் பார்த்துக்கொண்டு சும்மா இருக்குமா? முதலில் வக்கீல்கள் காரில் பின்னோக்கிப் போனார்கள். பிறகு நகைக்கடைக்காரர்கள். பிறகு, கார் வாங்கக் கடன் மட்டும் வாங்கியிருந்தவர்கள். கழுத்து வலி வைத்தியருக்குக் கூட்டம் தாங்கவில்லை; அவரே பெரிய சக்கரம் போட்டுக்கொண்டு பின்னால் வந்தார். முன்னால் போகிற காரைக் கண்டால் மக்கள் பரிதாபமாகப் பார்த்தார்கள்.

ஆணையரின் முடிவும் வந்தது. அவர் தம்முடைய வண்டிக்கு நாற்பத்து மூன்று பல் பொருத்திக்கொண்டு, நாற்பத்தொன்றுக்குப் பெருந்தன்மையுடன் அனுமதி வழங்கியிருந்தார்.

"இனிமே மேட்டுல முன்பக்கமாவே ஜம்முனு ஏறலாம் சார்," என்றார் பட்டறைக்காரர்.

"முன்பக்கமாவா!" துணை இயக்குநரின் மனைவி நெஞ்சில் கை வைத்தாள். "ஊரே பின்னாடி போறப்ப நாம மட்டும் முன்னாடி போனா அக்கா என்ன நினைப்பா?"

பட்டறைக்காரர் தலையைச் சொறிந்தார். "ஒரு வழி இருக்கும்மா. பெரிய பல்சக்கரத்தை, அதைச் சுத்தவைக்கிற பினியன்ங்கிற சின்னப் பல்சக்கரத்துக்கு மறுபக்கம் மாட்டிட்டா எல்லாம் தலைகீழாயிடும். பின்னாடி போக நாலு கியர். முன்னாடி போகணும்னா ஒண்ணே ஒண்ணு, அதுவும் ஊரும்."

"எங்க துறைக்குப் பொருத்தமாத்தான் இருக்கு," என்றார் துணை இயக்குநர், முகத்தில் சிரிப்பே இல்லாமல். "மாட்டுங்க."

பதவிக்கான நாளும் வந்தது. திங்கட்கிழமை காலை ஆணையர் அலுவலகத்துக்கு யார் முதலில் வந்து சேர்கிறாரோ அவரே இயக்குநர் என்று சொல்லியிருந்தார்கள். மற்ற தகுதிகளில் இருவரும் சமம், அதாவது இருவருக்கும் ஒன்றும் இல்லை. துணை இயக்குநர் இடப்பக்கத் தெருவிலிருந்து நாலாவது பின் கியரில் பாய்ந்து வந்தார். வலப்பக்கத் தெருவிலிருந்து சகலையும் அதே நாலாவது பின் கியரில் வந்தார். அவர் மனைவியும் தங்கைமேல் ஒரு கண் வைத்திருந்தாள். வாசலில் கூடியிருந்த ஜனங்களுக்குத் தலைகால் புரியவில்லை. பின்னால் வரும் வண்டியைக் கண்டால் வாய் சும்மா இருக்காதே!

"வரலாம், வரலாம்! அப்படியே ஒடிச்சு வாங்க! நிறைய இடம் இருக்கு!"

டமால்.

இரண்டு டிரைவர்களுக்கும் ஒரு கீறல்கூட இல்லை. சகலைகள் இருவரும் உடைந்த கண்ணாடி வழியாக ஒருவர் மடியில் ஒருவர் கிடந்தார்கள்.

விசாரணைக் குழு தீர விசாரித்தது. பின்னால் வந்து மோதியவரே குற்றவாளி என்பது விதி. இருவரும் பின்னால்தான் வந்தார்கள். ஆனால் இருவருக்கும் அதுதான் முன்பக்கம். எனவே இருவரும் நிரபராதிகள். ஒரே நொடியில் வந்து சேர்ந்ததால் இரண்டு நாற்காலிகள் போடப்பட்டன. இன்றுவரை மாமனார் வீட்டில் இருவரும் ஒருவரை ஒருவர் 'சார்' என்றுதான் கூப்பிடுகிறார்கள், பல்லைக் கடித்துக்கொண்டு.

குற்றம் பொதுமக்கள் மீது நிரூபணமாயிற்று. முறையான பயிற்சி இல்லாமல் வழிகாட்டினார்களாம். இனி அதிகாரிகளின் வாகனம் ஒவ்வொன்றுக்கும் குடிமக்கள் முறை வைத்து வழிகாட்ட வேண்டும் என்று ஆணை பிறந்தது. காரைப் பார்த்தபடியே, மரியாதையாக, நாமும் பின்னோக்கி நடக்க வேண்டும். 'வரலாம் சார்', 'நிறைய இடம் இருக்கு' என்ற இரண்டுக்கு மட்டுமே அனுமதி.

நேற்று என் முறை. மழைநீர் வடிகாலுக்காகத் தோண்டி மூடாமல் விட்ட பள்ளம் எனக்குப் பின்னால் இருந்தது. எனக்கு முன்பே பத்துப் பதினைந்து பேர் அதற்குள் விழுந்து கிடந்தார்கள். நானும் விழுந்தேன். மேலே கார் வந்துகொண்டிருந்தது. நாங்கள் எல்லோரும் ஒரே குரலில் கத்தினோம்: "வரலாம் சார், வரலாம்! நிறைய இடம் இருக்கு!"