மச்சான் பெயருக்கு இருபத்தெட்டு பாயின்ட்

"மச்சான் பேரை மட்டும் கொஞ்சம் பெருசாக்குங்கம்மா" என்றார் பிச்சமுத்து.

அரியமங்கலத்தில் மெஹ்ரீன் நடத்தும் டிடிபி கடை அது. மச்சான் ரெங்கராஜ் வீடும் அதே தெருதான். பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் ரயில் இன்ஜினையே கழற்றி மாட்டுகிற பிச்சமுத்துவை, மகளின் காதுகுத்து அழைப்பிதழ் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தது.

காலையில் கடைக்கு வந்ததுமே முதல் மாதிரியை வாட்ஸாப்பில் மச்சானுக்கு அனுப்பினார். "எனக்கு என்ன மரியாதைன்னு தெரிஞ்சுபோச்சு. நான் வரல" என்று பதில் வந்தது. தாய்மாமன் மடி இல்லாமல் காது குத்த முடியுமா? மனைவிக்குத் தெரிந்தால் முதலில் இவர் காதுதான் போகும். தன் அண்ணன் பெயர் பெரிதாகவும் மச்சான் பெயர் சிறிதாகவும் இருப்பதுதான் கோபத்துக்குக் காரணம் என்று இவரே முடிவு கட்டினார்.

திரையின் ஓரத்தில் அழைப்பிதழ் பெட்டிக்குள் பெட்டியாகத் தெரிந்தது. குடும்பம், அதற்குள் அம்மா வழி, அதற்குள் தாய்மாமன். மெஹ்ரீன் கடைசிப் பெட்டியில் எழுத்தின் அளவை இருபத்தெட்டு பாயின்ட் என்று மாற்றினாள். பெயர் அசையவில்லை.

"வெளிப்பெட்டி சொல்றதைத்தான் இது கேக்குது அண்ணே."

"எங்க வீட்லயும் அப்படித்தான். வெளிப்பெட்டியையே மாத்துங்க."

மாற்றினாள். சொந்தக்காரர்கள் பதினாறு பேரும் ஒரேயடியாக வீங்கினார்கள். காது குத்தப்போகும் குழந்தையின் பெயர் பின்பக்கம் போய் விழுந்தது. பிச்சமுத்து சரியாகப் பார்க்காமலே அனுப்பிவிட்டார். மச்சான் குடும்ப குரூப்பிலிருந்து வெளியேறினார்.

"அவர் பெட்டியைத் தனியா வெளிய எடுத்துடலாமா அண்ணே?"

"எடுங்க, எடுங்க."

வெளியே இழுத்த பெட்டி, மழலைச் செல்வங்கள் பெட்டிக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. ஐம்பத்திரண்டு வயது ரெங்கராஜ், பலூன் எழுத்தில், "எங்க பாப்பா காதுகுத்துக்கு மறக்காம வந்துருங்க" என்று மழலை பேசினார். அனுப்பிய பிறகுதான் பிச்சமுத்து கவனித்தார். அழிப்பதற்குள் நீல டிக் விழுந்துவிட்டது.

மெஹ்ரீன் பெட்டியைப் பழைய இடத்துக்கே கொண்டுபோனாள். வெளிப்பெட்டி பேச்சைக் கேட்க வேண்டாம் என்று அதற்கு மட்டும் தனியாகக் குறித்து, இருபத்தெட்டு கொடுத்தாள். இந்த முறை மச்சான் பெயர் மட்டும் ஜம்மென்று நிமிர்ந்தது. பிச்சமுத்து நான்காவது தடவையாக அனுப்பினார்.

உடனே போன் அடித்தது. மச்சான் மனைவி கலைமதி.

"அண்ணே, எங்க இருக்கீங்க?"

"கடையிலதாம்மா. மச்சான் பாத்தாரா? எழுத்து போதுமாமா, இன்னும் ஏத்தணுமா?"

"எழுத்தை எங்கண்ணே பாத்தாரு? காலையிலேருந்து எங்க மாடியில நின்னு எதிர்க்கடை வாசல்ல உங்க பைக்கைத்தான் பாத்துக்கிட்டிருக்காரு. வெத்தலை பாக்கோட ரோட்டைத் தாண்டி வராம, எத்தனை தடவைதான் போன்லயே கூப்பிடுவீங்கன்னு எண்ணிக்கிட்டிருக்காரு."