ஒன்பதாவது சைக்கிள்

காது கையோடு வந்துவிட்டது.

சகின்பெக் அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத அலுமினியத் துண்டு. மலைச் சைக்கிளின் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் கியரைத் தாங்கிக்கொண்டு தொங்குகிற காது. கொஞ்சம் வளைந்திருக்கிறதே, நிமிர்த்திவிடலாம் என்று ஸ்பேனரை வைத்து ஒரு நெம்பு நெம்பினார். அவ்வளவுதான். டிராக்டராக இருந்திருந்தால் அந்த நெம்புக்கு அசைந்துகூடக் கொடுத்திருக்காது.

இருபத்திரண்டு வருஷம் டிராக்டர் பிரித்துக் கோத்த கை அது. கிர்கிஸ்தானின் கராகோலுக்கு மலையேற ஆட்கள் வரத் தொடங்கியதும், எட்டு மலைச் சைக்கிள் வாங்கி முற்றத்தில் நிறுத்தி வாடகைக்கு விட ஆரம்பித்தார். வண்டி மாறியது, கை மாறவில்லை.

“என்ன சத்தம்?” சமையலறையிலிருந்து மனைவி சூராவின் குரல்.

“ஒண்ணுமில்ல.”

“நீங்க ஒண்ணுமில்லன்னா ரெண்டா ஏதோ ஆகியிருக்கு.” மாவுக்கையோடு வெளியே வந்தாள். “ஐயையோ, இது அந்தத் தாடிக்காரரோட சைக்கிளாச்சே!”

அவருடையதுதான். லுபோஷ் என்று பெயர், செக் நாட்டுக்காரர். இரண்டு நாடுகளை மிதித்தே கடந்து வந்தவர். முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு இந்த முற்றத்துக்கு வந்தார். இவர் பேசியது அவருக்குப் புரியவில்லை, அவர் பேசியது இவருக்குப் புரியவில்லை. அந்தத் தெருவில் நாலு மொழி பேசத் தெரிந்த ஒரே ஆள், அவர் தங்கியிருந்த விடுதியின் சொந்தக்காரி பெகாயிம். தெருவே அவளை ஏஜே, அதாவது அக்கா, என்று மரியாதையாகக் கூப்பிடும், வயதில் மூத்த கிழவர்கள் உட்பட. அவளோ பாலிக்சி ஊரில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள்.

ஆகவே எல்லாம் ஜாடையிலேயே நடந்தது. லுபோஷ் தன் சைக்கிளைக் காட்டினார். வரிசையாக நின்ற எட்டு சைக்கிளையும் ஒவ்வொன்றாகக் காட்டினார். நெஞ்சில் கை வைத்தார். ஹேண்டில்பாரைச் சகின்பெக்கின் கையில் திணித்தார். இரண்டு விரலால் மலையில் நடந்து காட்டி, வெள்ளிக்கிழமை என்ற ஒரு சொல்லை மட்டும் ஊர் மொழியில் தப்பும் தவறுமாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

“என்ன சொல்றாராம்?” என்று அப்போது சூரா கேட்டாள்.

“இதுகூடப் புரியலையா? உன் எட்டு சைக்கிளை எப்படிப் பார்த்துக்கறியோ அப்படி என் சைக்கிளையும் மனசு வெச்சுப் பார்த்துக் கொடு, நான் மலையில நடந்துட்டு வெள்ளிக்கிழமை வர்றேங்கறாரு.”

“ரெண்டு விரலை ஆட்டினதுக்கு இவ்வளவு அர்த்தமா?”

“தொழில் தெரிஞ்சவங்க பேசிக்கறது உனக்கு எங்க புரியும்?”

தொழில் தெரிந்தவர் இப்போது காதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். உள்ளே போய், பிஷ்கெக்கில் உதிரிபாகம் விற்கும் ஓரோஸ்பெக்குக்குப் போன் போட்டார்.

“தம்பி, அவசரமா ஒரு காது வேணும்.”

“எந்த சைக்கிளுக்கு பாய்கே?” எப்போதும் அண்ணன் என்றே அழைப்பான் அவன்.

“பச்சை சைக்கிளுக்கு.”

“நிறமெல்லாம் வேண்டாம். என்ன மாடல், எந்த வருஷம்? காதுல முந்நூறு தினுசு இருக்கு பாய்கே. ஒண்ணோட காது இன்னொண்ணுக்குச் சேராது.”

“மனுஷனுக்கே ரெண்டு காதுதானேய்யா!”

“மனுஷன் காதை யாரும் நெம்பறதில்லையே. எழுதிக்கறேன், பன்னிரண்டு நாள்ல வந்துரும்.”

வெள்ளிக்கிழமைக்கு நாலே நாள். சகின்பெக் முற்றத்தைப் பார்த்தார். எட்டு சைக்கிள்கள், எட்டு காதுகள். நாலாம் நம்பரிலிருந்து ஒன்றைக் கழற்றினார். சேரவில்லை. அரத்தால் ராவி ராவிச் சேர வைத்தார். கியரை அதில் மாட்டி, ஆடாமல் இருக்கட்டும் என்று ஒரு முறுக்கு, அதற்கு மேல் டிராக்டர் நினைப்பில் இன்னொரு முறுக்கு. மரை கழன்றது. கியரின் மரை.

“உங்களுக்கா, அதுக்கா?” என்றாள் சூரா.

சகின்பெக் ஆறாம் நம்பரின் கியரை எடுத்து மாட்டினார். அது ஒன்பது பல்சக்கர கியர், லுபோஷின் சைக்கிளிலோ பன்னிரண்டு. ஆகவே ஆறாம் நம்பரின் செயினும் பல்சக்கர அடுக்கும் வந்தாக வேண்டும். அடுக்கு அந்தச் சக்கரத்தில் ஏற மறுத்தது. ஆகவே சக்கரமே மாற வேண்டும். செவ்வாய்க்கிழமை மதியம் இரண்டாம் நம்பரின் பின்சக்கரத்தை, பக்கத்துக்கு இரண்டு வாஷர் கொடுத்து உள்ளே தள்ளினார்.

தள்ளி நின்று பார்த்தார். இரண்டாம் நம்பரின் சக்கரம் ஒரு சுற்று சின்னது. முன்னால் தூக்கி, பின்னால் தாழ்ந்து, ஒட்டகம் எழுந்திருக்க மனமில்லாமல் உட்கார்ந்திருப்பதுபோல இருந்தது சைக்கிள்.

“மேட்டுல ஏறுறதுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு. இறங்கும்போது என்ன பண்ணுவாராம்?” என்று சூரா கேட்டாள்.

முன்சக்கரத்தையும் மாற்றினார். அதன் அச்சு அந்த முன்ஃபோர்க்கில் சேரவில்லை. ஃபோர்க்கையும் மாற்றினார். ஃபோர்க் கழன்றதும் ஹேண்டில்பாரும் கூடவே கழன்று வந்தது. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் இரண்டாம் நம்பர், முன்னும் இல்லாமல் பின்னும் இல்லாமல், வெறும் பெடலும் சீட்டுமாகச் சுவரில் சாய்ந்து நின்றது.

புதன்கிழமை காலை பிஷ்கெக்கிலிருந்து போன். ரக்கிமா என்ற பள்ளிக்கூட ஆசிரியை. அவரும் இன்னும் ஏழு ஆசிரியர்களும் சனிக்கிழமை காலை வருகிறார்கள். எட்டுப் பேருக்கு எட்டு சைக்கிள் என்று குளிர்காலத்திலேயே பேசி வைத்தது. அந்தப் பருவத்தின் முதல் கூட்டம். பிடித்துப்போனால் வருஷா வருஷம் மாணவர்களையும் கூட்டிக்கொண்டு வருவதாகச் சொல்லியிருந்தார்.

“எட்டும் தயாரா இருக்கா?”

“தயார் டீச்சர், தயார்!” என்றார் சகின்பெக், நாலாம் நம்பரின் மேல் உட்கார்ந்திருந்த கோழியைப் பார்த்துக்கொண்டே.

போனை வைத்ததும் சூரா இடுப்பில் கை வைத்தாள். “எட்டு வாத்தியார்கிட்டப் பொய் சொல்றீங்க. ஒருத்தர்கிட்டச் சொன்னாலே முட்டிபோடச் சொல்வாங்க.”

“இன்னும் மூணு நாள் இருக்குல்ல?”

“அந்த மூணு நாளும் இந்த வேகத்துல போனா வீட்டுக் கதவையும் கழட்டித்தான் மாட்டணும்.”

அன்று பிரேக் பிடிக்கவில்லை. புதுச் சக்கரத்தின் டிஸ்க் சின்னது, பழைய பிரேக்குக்கு எட்டவில்லை. குழாயில் காற்று புகுந்திருக்கும் என்று நினைத்துத் திறந்தார். எண்ணெய் முழுவதும் அவர் சட்டையில் ஓடியது. டிராக்டர் பிரேக் எண்ணெய் ஒரு டப்பா வீட்டில் இருந்தது. எண்ணெய் எண்ணெய்தானே என்று அதை ஊற்றினார். உள்ளே இருந்த ரப்பரெல்லாம் ஊறிப் புடைத்து, பிரேக் பிடித்த பிடியை விடவேயில்லை. ஒன்றாம் நம்பர் தன் இரண்டு பிரேக்கையும் இழந்தது.

வியாழக்கிழமை, பெடலுக்காவது ஒழுங்காக கிரீஸ் போட்டுக் கொடுப்போம் என்று உட்கார்ந்தார். இடது பெடலின் மரை தலைகீழ் மரை, எதிர்த்திசையில்தான் திருக வேண்டும். இது அவருக்குத் தெரியும். வாடகைக்கு எடுக்க வருகிறவர்களுக்கெல்லாம் அவரே சொல்லிக்கொடுப்பார். ஆனால் மனம் முழுக்க எட்டு ஆசிரியர்கள் வரிசையாக நின்றதில், கை தன் பாட்டுக்குத் திருகியது. கறக் என்றது. ஏழாம் நம்பரின் பெடல் தண்டுகள் இரண்டும் பச்சைச் சைக்கிளுக்கு இடம் மாறின.

அந்தச் சைக்கிளில் லுபோஷின் பொருள் என்று மிஞ்சியது சீட்டும், ஊர் ஊராக ஒட்டிய ஸ்டிக்கர்கள் மூடிய பச்சை ஃப்ரேமும்தான். ஸ்டிக்கர் உரிந்துவிடக்கூடாதே என்று ஃப்ரேமை அவர் ஈரத்துணியால்கூடத் துடைக்கவில்லை.

அப்போதுதான் சூரா போர்சோக் ரொட்டி பொரித்த எண்ணெய்ச் சட்டியை அடுப்பிலிருந்து இறக்கிக்கொண்டு வெளியே வந்தாள். கை சுட்டது. பக்கத்தில் வாகாக ஒரு சீட்டு இருந்தது.

சட்டியை எடுத்தபோது சீட்டில் வட்டமாகப் பொசுங்கியிருந்தது.

“இது என்னோட கணக்கு. அதை நீங்க ஏத்துக்க வேண்டாம்” என்றாள் சூரா, குரல் இறங்கி. மூன்றாம் நம்பரின் சீட்டை அவளே கழற்றிக் கொண்டுவந்து கொடுத்தாள்.

கழற்றிய பாகங்களையெல்லாம் இருவருமாக ஒரு சாக்கில் போட்டு மாட்டுக் கொட்டகையில் வைத்தார்கள். முற்றத்தில் எட்டு சைக்கிள்களில் ஐந்தாம் நம்பரும் எட்டாம் நம்பரும் மட்டும் முழுசாக நின்றன. நடுவில் பச்சைச் சைக்கிள் பளபளவென்று, கல்யாண மாப்பிள்ளை மாதிரி நின்றது.

“பார்க்க நல்லாத்தான் இருக்கு” என்றார் சகின்பெக்.

“ஆமா. நாளைக்கு அவர் அதுல ஏறிப் போயிடுவாரு. நம்ம ஆறு சைக்கிளும் அவர்கூடப் போயிரும். சனிக்கிழமை எட்டு வாத்தியாரும் ரெண்டு சைக்கிள்ல எப்படி உக்காருவாங்க?”

சூரா தேநீர்க் கிண்ணத்தை அவர் பக்கம் தள்ளினாள்.

“உண்மையைச் சொல்லிடுங்க. திட்டினா திட்டட்டும். அவர் திட்டறது நமக்கு எப்படியும் புரியப்போறதில்ல.”

வெள்ளிக்கிழமை நடுப்பகலில் கதவு திறந்தது. லுபோஷ், வெயிலில் மூக்கு உரிந்து, முதுகில் மூட்டையோடு வந்தார். கூடவே பெகாயிம் ஏஜே. காலையில்தான் ஊர் திரும்பினாளாம், அவர் பஸ் ஏறுவதற்கு முன்னால் வழியனுப்ப வந்தாளாம்.

லுபோஷ் பச்சைச் சைக்கிளைப் பார்த்தார். நடை நின்றுவிட்டது. கிட்டப் போனார். சக்கரத்தைத் தொட்டார், ஹேண்டில்பாரைத் தொட்டார், சீட்டைத் தடவினார். வாய் திறந்தது, மூடவில்லை. சுற்றிவந்து மறுபக்கமிருந்தும் பார்த்தார். பிறகு சகின்பெக்கைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. ரொம்ப நாளைக்குப் பிறகு பார்க்கும் சொந்தக்காரனை அடையாளம் தெரியாமல் திகைக்கிற மாதிரி ஒரு பார்வை.

எல்லாவற்றையும் புதுப்பித்துவிட்டேன் என்று சொல்லித் தப்பிக்கலாம் என்றுதான் சகின்பெக் காலைவரை நினைத்திருந்தார். அந்தப் பார்வையின் முன்னால் அது வாயில் வரவில்லை.

“ஏஜே, நான் சொல்றதை அப்படியே அவர்கிட்டச் சொல்லணும். ஒண்ணும் குறைக்கக் கூடாது.”

“சொல்லுடா.”

“காதை உடைச்சது நான். கியர் மரையைக் கழட்டினது நான். பிரேக்ல டிராக்டர் எண்ணெய் ஊத்தினது நான். பெடலைத் தப்பாத் திருகினதும் நான்தான்.”

“சீட்டைச் சுட்டது நான்” என்றாள் சூரா.

“இதுல ஃப்ரேம் மட்டும்தான் அவரோடது. மத்ததெல்லாம் என் சைக்கிள்லேர்ந்து எடுத்தது. அவரோட சாமான் சாக்குல கொட்டகையில இருக்கு, உடைஞ்சதும் உடையாததுமா. இதுக்கு அவர் என் மேல என்ன பழி வேணா போடட்டும். என் கை டிராக்டர் கை ஏஜே. மன்னிச்சுக்கச் சொல்லு.”

சொல்லி முடித்ததும், நாலு நாளாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று எழுந்து போனதுபோல இருந்தது. ஆறு சைக்கிள் போகட்டும். ரக்கிமா டீச்சருக்கும் இதேபோல் போன் போட்டுச் சொல்லிவிட வேண்டியதுதான்.

பெகாயிம் மொழிபெயர்த்தாள். லுபோஷ் கேட்டுக்கொண்டே வந்தார். கியருக்கு வந்தபோது புருவம் உயர்ந்தது. டிராக்டர் எண்ணெய்க்கு வந்தபோது கண்ணை மூடிக்கொண்டார். சீட்டுக்கு வந்தபோது முற்றத்திலேயே தொப்பென்று தரையில் உட்கார்ந்து முகத்தை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டார். தோள்கள் குலுங்கின.

“அழறாரு!” என்றாள் சூரா பதறிப்போய். “தண்ணி கொண்டு வரேன்.”

அழவில்லை. கையை எடுத்தபோது முகம் சிவந்து, தாடியெல்லாம் கண்ணீர், சிரிப்பில் மூச்சு முட்டியது. எழுந்து வந்து சகின்பெக்கை அப்படியே கட்டிப்பிடித்தார். பிறகு பெகாயிமிடம் என்னவோ நீளமாகச் சொன்னார், நடுநடுவே சிரிப்பு அடங்காமல் நிறுத்தி நிறுத்தி. கேட்கக் கேட்க அவளும் கொட்டகைக் கதவைப் பிடித்துக்கொண்டு குலுங்க ஆரம்பித்தாள்.

“என்ன ஏஜே? என்ன சொல்றாரு? சைக்கிளை எடுத்துக்கிட்டுப் போறாரா இல்லையா?”

பெகாயிம் தலைத்துணியின் முனையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“எங்கடா எடுத்துக்கிட்டுப் போறது? ஸ்டிக்கருக்கு அடியில ஃப்ரேம்ல விரிசல் விட்டுப்போச்சாம். அதை மட்டும் தூக்கிக் குப்பையில போட்டுட்டு, மத்த நல்ல சாமானையெல்லாம் உன் எட்டு சைக்கிளுக்கும் மாட்டிக்கோன்னு ஞாயித்துக்கிழமையே உனக்குக் கொடுத்துட்டுப் போயிட்டாராம்!”