கவர் சாமியாரின் ஊதா எழுத்து

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து மூன்றில் கடவுள் அபிராமபுரத்தில் ஒரு கார் ஷெட்டில் குடியிருந்தார். நீலகண்ட அடிகள் அவருக்குக் காரியதரிசி. பட்டணம் அடிகளைச் செல்லமாகக் 'கவர் சாமியார்' என்று அழைத்தது. வெள்ளிக்கிழமை விடிந்தால் அம்பாசடர் காரும் சைக்கிள் ரிக்‌ஷாவும் தெருவை அடைத்துக்கொள்ளும். பால்காரர்கூட உள்ளே நுழைய முடியாது.

முறை எளிது. ஒரு வெள்ளிக்கிழமை பெயரும் நட்சத்திரமும் எழுதிக் கொடுக்க வேண்டும். மறு வெள்ளிக்கிழமை, மஞ்சள் தடவி அரக்கு வைத்த கவர் கிடைக்கும். உங்கள் குணம், குறை, ரகசியம் எல்லாம் உள்ளே அம்பாளே எழுதிய ஊதா எழுத்தில் இருக்கும். ஏன் ஊதா? அம்பாளுக்கு மானிட மை ஆகாதாம். படித்து உருகியவர்கள் அடிகளிடம் போய் நின்றால் பரிகாரம் சொல்வார். அது பட்டாகவோ வெள்ளியாகவோ இருக்கும். அம்பாளுக்குப் பருத்தி அரிக்கும் போலும். ஒரே ஒரு கட்டளை: கவரில் உள்ளதைப் பிறர் கண்ணில் காட்டக் கூடாது. காட்டினால் பலன் போய்விடும். சட்டம் படித்த மயிலாப்பூரும் வியாபாரம் தெரிந்த தி.நகரும் அந்தக் கட்டளையை உயிராகக் காத்தன.

தி.நகரில் ஜவுளிக்கடை வைத்திருந்த பொன்ராஜ் லேசுப்பட்டவர் அல்ல. துணியில் ஓர் இழை குறைந்தாலும் விரலே சொல்லிவிடும். அப்பேர்ப்பட்டவர் கவரைப் பிரித்துப் படித்துவிட்டுக் கண் கலங்கினார்.

"எனக்கு முட்டுவலி இருக்கது வரைக்கும் எழுதியிருக்காவ! ஒங்கம்மைக்குக்கூடத் தெரியாத சங்கதி, சாமிக்கு எப்பிடித் தெரிஞ்சுது?" என்று மகளிடம் வியந்தார்.

"அப்போ தெனமும் தைலம் தேய்ச்சு விடுதது யாராம்?" என்றாள் அவர் மனைவி தங்கம், அடுக்களையிலிருந்து.

பொன்ராஜ் அதைக் காதில் வாங்காமல் அடிகளிடம் ஓடினார். வியாபாரம் மந்தம் என்று முறையிட்டார். அடிகள் கண்ணை மூடினார். "இந்த வருஷம் வீட்டில் புதுசா என்ன நடந்தது?"

"மவ புஷ்பம் காலேஜ்ல சேந்தா, சாமி."

"அதுதான்!"

தீர்ந்தது. புஷ்பத்தின் படிப்பைத் தை பிறக்குமுன் நிறுத்தி மாப்பிள்ளை பார்க்க வேண்டும். அம்பாளுக்கு ஒன்பது பட்டுப் புடவை சாத்த வேண்டும். தவறினால் கடையில் நெருப்பு. பக்கத்தில் புதிதாக இரண்டு ஜவுளிக்கடை திறந்தது அம்பாளுக்குத் தெரியாமல் போனது பெரிய ஆச்சரியம்.

புஷ்பம் பி.ஏ. மனோதத்துவம் முதல் வருஷம். அந்தப் படிப்பில் சேர்ந்த நாள்முதல் வீட்டுக்கு வருகிற உறவினர் எல்லாரும் நெற்றியை நீட்டி, "நான் என்ன நினைக்கேன், சொல்லு பாப்போம்" என்றார்கள். அவளும் ஆசையோடுதான் போனாள். ஆனால் கல்லூரியில் முதல் மூன்று மாதமும் நாய்க்கு எச்சில் ஊறுவதைப் பற்றியே நடத்தினார்கள். மணி அடித்தால் நாய்க்கு ஊறும். கடைசி மணி அடித்தால் புஷ்பத்துக்கும் ஊறும். ஆனாலும் அவளுக்குப் படிப்பு பிடித்திருந்தது. படிப்பை விடு என்று அப்பா சொன்ன இரவு அவள் சாப்பிடவில்லை.

மறுநாள் விரிவுரையாளர் அஃப்சருன்னிசா வகுப்பில் ஆளுக்கொரு மடித்த தாள் கொடுத்தார். போன வாரம் மாணவிகள் தங்கள் கனவுகளை எழுதிக் கொடுத்திருந்தார்கள். அதை வைத்து அவரவர் குணத்தைக் கணித்திருப்பதாகச் சொன்னார். "எவ்வளவு சரியா இருக்குன்னு அஞ்சுக்கு மார்க் போடுங்க."

புஷ்பம் படித்தாள். 'சிரித்துப் பேசினாலும் உள்ளே ஒரு கவலை உனக்கு உண்டு. உன் திறமையில் பாதியைத்தான் உலகம் பார்த்திருக்கிறது.' இருந்த வேதனையில், தன்னைப் புரிந்துகொள்ள ஒரு ஜீவனாவது இருக்கிறதே என்று அழுகையே வந்துவிட்டது. அஞ்சுக்கு அஞ்சு போட்டாள்.

"இப்போ பக்கத்துல இருக்கறவங்க தாளோட மாத்திக்குங்க."

மாற்றினார்கள். அப்புறம் வகுப்பு கொல்லென்று சிரித்தது. நாற்பது தாளிலும் எழுத்துக்கு எழுத்து ஒரே வாசகம்.

"உங்க கனவை நான் இன்னும் படிக்கவே இல்லை. இதை லீவுலயே எழுதி வெச்சுட்டேன்" என்றார் அஃப்சருன்னிசா.

புஷ்பத்துக்கு முதலில் வெட்கமாக இருந்தது. அப்புறம் கோபம் வந்தது. வீட்டுக்கு வந்ததும் அப்பாவிடம் நேராகப் போனாள்.

"அப்பா, என் பேருக்கும் ஒரு கவர் வாங்குங்க. அது எனக்கு மட்டும் பொருந்தினா நானே காலேஜை விட்டுடறேன். ஊருக்கெல்லாம் பொருந்தினா?"

"எம்புட்டு வேணும்னாலும் படி" என்றார் பொன்ராஜ். சாமி மேல் அவ்வளவு நம்பிக்கை.

மறு வெள்ளிக்கிழமை பெயர் கொடுத்து, அதற்கடுத்த வெள்ளிக்கிழமை இருவரும் போனார்கள். கவர் கைக்கு வந்தது. பொருந்தி வைத்தால் சொன்ன சொல் சொன்னதுதான். கூட்டத்தின் நடுவிலேயே அரக்கைப் பெயர்த்தாள்.

"'வெளியே கண்டிப்பானவர் போலத் தோன்றினாலும் உம் மனம் வெண்ணெய்...'" என்று உரக்கப் படித்தாள்.

"அபசாரம்! அபசாரம்!" என்று சீடர்கள் பாய்ந்து வந்தார்கள்.

"இரு நைனா!" என்று குறுக்கே கூடையை வைத்தாள் தேவானை. அடையாற்றங்கரைக் குடிசைக்காரி, பூ விற்பவள். "அடுத்தது நான் சொல்றேன், கேளு பாப்பா. 'கை நெறய வந்தாலும் தங்காது. உன்னாண்ட துன்னவனே உன்னை ஏசுவான்.' கரீட்டா?"

"எப்படிக்கா தெரியும்?"

"எனக்கு எய்தப் படிக்கத் தெரியாது. எதிர்வூட்டுப் பையன் படிச்சுச் சொன்னான். பத்து தபா கேட்டு மனப்பாடம் பண்ணிக்கினேன்."

வரிசையில் நின்ற ஓய்வுபெற்ற அதிகாரி ஸ்ரீனிவாசராகவன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "என்னோடதுலயும் அதேதானே இருக்கு! ரெண்டு வாரமா ஆத்துல அதை நெஞ்சுல வச்சுண்டு உருகிண்டிருக்கேன்!"

அடிகள் அசரவில்லை. கையை உயர்த்தினார். "அம்பிகை ஒருத்தி. ஆத்மா ஒன்று. ஆகவே எழுத்தும் ஒன்று!"

சொன்னால் நம்பமாட்டீர்கள், பாதிக் கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

தேவானை போடவில்லை. "ஆத்மா ஒண்ணுதான்னா எம் பொண்ணு கால் கொலுசை இன்னாத்துக்குய்யா தனியா கயட்டி வாங்குன?"

பொன்ராஜ் முன்னே வந்தார். சட்டைப்பையில் தாயத்து மாதிரி மடித்து வைத்திருந்த தன் தாளை எடுத்தார். மகளின் தாளையும் வாங்கி, இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக டியூப்லைட் வெளிச்சத்தில் பிடித்தார். முட்டுவலி உள்பட வரிமேல் வரி உட்கார்ந்தது. நான்காவது வரியில் அம்பாள் ஒரு சொல்லை எழுதிக் கோடு போட்டு அடித்திருந்தாள். அந்தக் கோட்டின்மேல் அந்தக் கோடே உட்கார்ந்தது. கட்டைவிரலால் தேய்த்தார். விரலில் ஊதா ஒட்டியது.

"அடப்பாவி, கார்பன்லா!" என்று அலறினார். "முப்பது வருசமா கார்பன் வச்சு பில்லு போடுதேன். எனக்கே மூணாவது காப்பியக் குடுத்திருக்கானே!"

தேவானை அம்பாள் சந்நிதித் திரையை ஒரே இழுப்பாக இழுத்தாள். அம்பாள் இல்லை. கார்பன் தாளும் ஊதா விரலுமாக இரண்டு குமாஸ்தாக்கள் அங்கே உட்கார்ந்து அடுத்த வாரத்து மக்களின் ரகசியங்களை எழுதிக்கொண்டிருந்தார்கள். அடிகள் பின்கதவைத் தேடினார். கார் ஷெட்டுக்கு ஏது பின்கதவு? கொலுசைப் பறிகொடுத்த தேவானையின் கை முதலில் அவர் காவியைப் பிடித்தது. மற்றவர்கள் பிறகு பிடித்தார்கள்.

வெளியே வந்ததும் பொன்ராஜ் ஊதா விரலை வேட்டியில் துடைத்தார். அப்புறம், "ஏட்டி, திங்கக்கெழம காலேஜ் எத்தன மணிக்கு?" என்றார். புஷ்பம் தெருவென்றும் பாராமல் அழுதுவிட்டாள்.

அன்பர்களே, உங்கள் மனசில் இருப்பதை ஒருவன் புட்டுப்புட்டு வைத்துவிட்டான் என்று உள்ளம் குளிர்கிறதா? குளிரட்டும். குளிர்ந்த கையோடு பக்கத்தில் நிற்பவரை ஒரு வார்த்தை கேளுங்கள்: "உமக்கு என்ன சொன்னான்?" நாத்திகருக்கு அஞ்சாத சாமியார் உண்டு, போலீசுக்கு அஞ்சாத சாமியாரும் உண்டு. இந்தக் கேள்விக்கு அஞ்சாத சாமியார் இன்னும் பிறக்கவில்லை.